அடையாளக் குறிகள் ஏதும் இருப்பின்

எதிர்மனுதாரர் கூலிக்கு வண்டி ஓட்டுபவர்.
மாத வருமானம் எட்டாயிரம்.
சொந்தமாக வாகனம் எதுவும் கிடையாது.
பதிலுரையில் மூன்றே வரி,
மூன்றுக்கும் சத்தியப் பிரமாணம்.

இலவசச் சட்ட உதவியில் என்னிடம் வந்த கட்டு இது.
மனுதாரர் சித்ராதேவி,
ஜெய்ஹிந்துபுரத்தில் அப்பளக் கம்பெனி வேலை.
பையனுக்கு மாதம் என்ன செலவாகும் என்று கேட்டேன்.
விரல் மடக்கினாள்:
பள்ளிக்கூட வேன், நோட்டு, இழுப்புக்கு இன்ஹேலர்.
நாலாவது விரலில் தயங்கி
"முட்டையும் சேத்துக்கலாமா மேடம்?" என்றாள்.
சேர்த்துக்கொண்டேன்.
பக்கம் நான்கு, பத்தி பதினொன்று, முட்டை.
வக்காலத்தில் அவள் கையெழுத்துப் போட்ட பிறகு
அன்று முழுக்க என் பேனாவில் உளுந்து மாவு.

வண்டியை நான்தான் கண்டுபிடித்தேன்.
கீழமாசி வீதி, காலை ஆறரை மணி,
துவரம்பருப்பு மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது.
வாயில் பீடியோடு ராசபாண்டி கணக்குச் சொல்ல,
பின்கதவில், மஞ்சளில், சிவப்பு நிழல் கொடுத்து
யாரோ பொறுமையாக எழுதியிருந்த பெயர்:
சர்வேஷ்.
இரண்டு புள்ளிக்கும் இரண்டு நட்சத்திரம்.
சுமைக்காரர்கள் விலகும்வரை நின்று
மூன்று படம் எடுத்தேன்.
கேஸ் முடிந்தது என்று நினைத்து
எதிர்க்கடையில் ஒரு டீயும் குடித்தேன்.

"இது யார் வண்டி?"
"எங்க அண்ணன் வண்டி."
"அண்ணனுக்கு எத்தனை பிள்ளைகள்?"
"ரெண்டு. பொம்பளப் பிள்ளைக."
"அப்ப சர்வேஷ் யாரு?"

கூண்டுக் கட்டையைப் பிடித்தபடி
வாயைத் திறந்தார், மூடினார்.
மின்விசிறி சுற்றியது. தட்டச்சர் காத்திருந்தார்.
"பதிலில்லை என்று பதிவு செய்யுங்கள்" என்றார் நீதிபதி.
எட்டாயிரம் என்று கூசாமல் சொன்ன மனுசன்
'தெரியாது' என்று மட்டும் சொல்லவில்லை.
அதை எந்தப் பத்தியில் எழுத?

யாரிடம் இருக்க விருப்பம் என்று
பையனைத் தனியாக அறையில் வைத்துக் கேட்டார்கள்.
"ஸ்கூல் நாள்ல அம்மாட்ட.
லீவுன்னா வண்டில."

உத்தரவு வந்தது.
மைனர் தாயின் பொறுப்பில்.
இடைக்கால ஜீவனாம்சம் நாலாயிரத்து ஐந்நூறு,
பிரதி மாதம் பத்தாம் தேதிக்குள்.
ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு, நாலு முதல் ஆறு,
ராஜாஜி பூங்காவில் தகப்பன் பார்க்கலாம்.

முதல் ஞாயிறு நானும் போயிருந்தேன்,
தகராறு ஏதும் வந்தால் என்று.
மக்காச்சோளம்தான் வந்தது.
ஒரே கதிரை முறித்து ஆளுக்குப் பாதி.
இன்ஹேலரை மடியில் வைத்துக்கொண்டு
வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள் சித்ராதேவி.
ஆறு மணிக்கு எல்லோரும் வண்டிவரை நடந்தோம்.

பின்கதவில் கருப்புப் பெயின்ட்.

வக்கீல் சொல்லியிருப்பார்.
அந்தப் பக்கம் இருந்திருந்தால்
நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.
பையன் கதவைத் தடவினான்.
யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.
கொஞ்சம் கழித்து,
"ஸ்டார் கைல தட்டுப்படுது" என்றான்.

பத்தாம் தேதி பணம் வரவில்லை.
பதினான்காம் தேதி மூவாயிரம் வந்தது.
அடுத்த மாதம் அதுவும் இல்லை.
பத்தி பதினொன்றைச் சித்ராதேவி
தானாகவே அடித்துவிட்டிருப்பாள்.

இன்று ஜப்தி மனு எழுதுகிறேன்.
ஆர்.சி. புத்தகம் அண்ணன் பெயரில்,
மனு நிற்காமலும் போகலாம்.
ஆனாலும் சொத்து விவரத்தில் ஒரு கட்டம் இருக்கிறது,
காலியாக விட மனசில்லை:

பச்சை நிற லோடு ஆட்டோ.
முன்விளக்கில் ஒன்று உடைந்தது.
பின்கதவில் கருப்புப் பூச்சு.
பூச்சுக்கு அடியில்,
விரலுக்கு மட்டும் தெரியும்படி,
ஒரு மைனரின் பெயர்.